அண்ணனுக்குப் போன், தம்பிக்கு நம்பர்

என் மாமனார் போன பிறகு அவருடைய இரண்டு மகன்களும் பாகம் பிரித்துக்கொண்ட லட்சணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். டெலிபோன் அண்ணனுக்கு, டெலிபோன் நம்பர் தம்பிக்கு. சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது. அந்தத் தம்பிதான் என் கணவர்.

ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிற இந்த வீட்டைக் கட்டியவர் மாமனார். கணபதியில் பட்டறை வைத்து பம்புக்கு உதிரி பாகம் செய்து விற்றவர். ஒரு போனுக்கே ஊர் காத்துக்கிடந்த காலத்தில் ஹாலில் ஒரு கறுப்புப் போனை வைத்து, அதிலிருந்து சமையலறை, மாடி, பின்னறை என்று எல்லாப் பக்கமும் ஒயர் இழுத்து எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தார். மணி அடித்தால் வீடே அதிரும். யார் வேண்டுமானாலும் எந்த அறையிலிருந்தும் எடுக்கலாம், எடுத்து அடுத்தவர் பேசுவதைக் கேட்கவும் செய்யலாம். இந்தக் குடும்பத்து ஆண்களுக்கு அந்தக் கலை ரத்தத்தில் ஊறியது.

பாகம் பிரிக்க நாலு பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அந்த நாலு பேரும் வாரக்கணக்கில் எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். பட்டறை, பூமி, நகை எல்லாம் ஒருவழியாகப் படிந்த பிறகு சண்டை அந்தக் கறுப்புப் போனில் வந்து நின்றது. அது அப்பாவின் கை பட்ட போன், எனக்குத்தான் வேண்டும் என்றார் அண்ணன். அப்பாவின் நம்பர் எனக்குத்தான் வேண்டும் என்றார் தம்பி. இந்தச் சீமையில் சண்டை போட்டாலும் மரியாதை குறையாது. "உங்க நாயத்தக் கொண்டுபோய்ச் சாக்கடையில போடுங்க" என்று அண்ணன் சொல்ல, "நீங்க மொதல்ல போட்டுட்டு வாங்க, பொறகு நான் போடறேனுங்க" என்றார் என் கணவர். தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்து, போன் அண்ணனுக்கு, நம்பர் தம்பிக்கு என்று தீர்ப்புச் சொன்னார். அந்த லைனோ அதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. சாலையைத் தோண்டியபோது எங்கோ அறுந்த ஒயரை யாரும் வந்து பார்க்கவில்லை, யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. செத்த போனுக்கும் செத்த நம்பருக்கும் அடித்துக்கொண்ட இந்த இரண்டு பேரும் பொறியியல் படித்தவர்கள்.

அடுத்தது சுவர். ஹாலை நட்டநடுவில் பிளந்துகொண்டு ஒரு சுவர் எழுப்ப வேண்டும் என்று முடிவானது. மதுக்கரையிலிருந்து சிமெண்ட் வந்து இறங்கியது. கரண்ட் மீட்டரைத் தனித்தனியாகப் பிரித்தார்கள், தண்ணீர்க் குழாயைப் பிரித்தார்கள். சுவரோரமாகத் தரையை ஒட்டி ஓடிய டெலிபோன் ஒயரைப் பிரிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. கொத்தனார் மட்டும் கேட்டார். ராகு காலம் பிறப்பதற்குள் முதல் செங்கல் வைத்தாக வேண்டும் என்று இரண்டு பேரும் நின்றார்கள். ஐந்து வருடமாக எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள் அந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். "அது கெடக்குதுங்க, மேலயே கட்டுங்க" என்று சொல்லிவிட்டார்கள். கொத்தனாரும் ஒயர் மேலேயே கட்டிவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் போனது என் ஓரகத்தி. கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். இந்த வீட்டில் மனுஷத்தன்மையோடு இருந்த ஒரே ஆள் அவர்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆண்கள் பட்டறைக்குப் போனதும் நாங்கள் இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து இரண்டாவது காபி குடிப்போம். அவர் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவர் மாதிரியும் நடந்து காட்டுவார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இரண்டு முறை என் வயிற்றில் தங்காமல் போனபோது ஒரு ஆறுதல் வார்த்தையும் சொல்லாமல், என் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேன் பார்த்தவர் அவர். எனக்குப் பேன் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

சுவர் வந்த பிறகு பேச்சு கிடையாது என்று உத்தரவு. நாங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பேசினோம். அது தெரிந்ததும் அங்கேயும் தகரம் அடித்தார்கள். அக்காவின் செல்போன் நம்பரை மாற்றினார்கள். அதில் யார் யார் பேசினார்கள் என்று தினமும் மாலையில் அண்ணன், அதாவது என் மூத்தார், பார்ப்பாராம். கல்யாண வீடுகளில் எங்களை வேறு வேறு பந்தியில் உட்கார வைத்தார்கள். இது போதாதென்று என்னை ஆனைமலைக்கு அழைத்துப் போய், மாசாணியம்மன் கோயில் நீதிக் கல்லில் அண்ணனுக்கு எதிராக நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துப் பூசச் சொன்னார் என் கணவர். நியாயம் கேட்பவர் அவர், கை எரிவது எனக்கு. இவர் பக்கத்தில் நின்று செல்போனில் மார்க்கெட் நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் பூக்காரம்மா கேட்டை ஒட்டி நின்று மெதுவாகச் சொன்னாள். "பக்கத்தூட்டு அம்மா ஆஸ்பத்திரியில படுத்திருந்துட்டு நேத்துத்தான் வந்தாங்களாமா. ஆளே பாதியாப் போயிட்டாங்க. என்ன சீக்குன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க." நான் உள்ளே ஓடி என் கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடிக்கவில்லை. "நமக்கெதுக்கு அது?" என்றார். அதன் பிறகு எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும், அதை அக்கா வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு சுவர் தள்ளிப் படுத்திருக்கிறார். அவர் இருமுவதுகூடச் சில நேரம் கேட்கிறது. கேட்டு என்ன செய்வது?

இனி என் கணவரின் பெருமையைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஃபைபர் இண்டர்நெட் போட்டார். அதோடு லேண்ட்லைன் இலவசம், பழைய நம்பரையே வாங்கித் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஓசி என்றால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்கிற ஆள் இவர். இவருக்கு அப்பன் நம்பரே ஓசியில் கிடைத்தால் விடுவாரா? உடனே பரணிலிருந்து பழைய போன்களை இறக்கித் துடைக்கச் சொன்னார். ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. அப்பா காலத்தில் அடித்த மாதிரி வீடு முழுக்க மணி அடிக்க வேண்டுமாம். அடித்தால் யாருக்குக் கேட்க வேண்டும் என்று இவர் நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும். அப்பா நம்பர் இங்கே உயிரோடு இருக்கிறது என்று அண்ணனுக்கு உறைக்க வேண்டும்.

இணைப்புக் கொடுக்க வருகிறவர் தினமும் "வந்துட்டே இருக்கறேனுங்க மேடம்" என்று சொல்லி, ஒரு வாரம் கழித்து வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். வாயில் பாக்கு. வெள்ளைப் பெட்டியை ஹாலில் மாட்டி, அதன் பின்னால் இருந்த போன் ஓட்டையைக் காட்டி, "இதுல ஒரு போனைச் சொருகிக்குங்க சார், முடிஞ்சுது" என்றார். என் கணவர் சுவரில் இருந்த பழைய சாக்கெட்டைக் காட்டினார். பெட்டியிலிருந்து ஒரு ஒயரை இந்தச் சாக்கெட்டில் கொடுத்தால் பழைய ஒயர் வழியாக எல்லா அறைக்கும் போகும் அல்லவா என்றார். "அதெல்லாம் இப்ப யாருங்க சார் பண்றாங்க?" என்று முனகிக்கொண்டே அவர் சொருகினார். பெட்டியில் எரிந்த பச்சை விளக்கு இரண்டு தடவை முழித்துவிட்டு அணைந்தது. போனை எடுத்தால் கடலை வறுக்கிற சத்தம்.

இரண்டு ஆண்களும் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டார்கள். என் கணவர் பெட்டியைத் தட்டினார். வந்தவர் சாக்கெட்டில் ஊதினார். கடைசியில் தன் மேலாளரைச் செல்போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். மேலாளர் கத்தியது எனக்குச் சமையலறை வரை கேட்டது. "கம்பத்துல இருந்து வர்ற பழைய ஒயரைக் கழட்டுனியா? கழட்டாமயே குடுத்தியா? பெட்டி புகைஞ்சு போச்சுன்னா உன்ற சம்பளத்துல புடிப்பேன்." வெளி வாசல் சுவரில் பழைய டெலிபோன் பெட்டி ஒன்று ஒட்டடையோடு தொங்கிக்கொண்டிருந்தது. தெருக் கம்பத்திலிருந்து வருகிற ஒயர் அதில்தான் வீட்டு ஒயரோடு சேர்கிறது. அதைக் கழற்றிவிட்டு வந்து சொருகியதும் விளக்கு நின்று எரிந்தது. மூன்று போனிலும் ரீங்காரம் வந்தது. தானே கம்பி இழுத்த மாதிரி என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

ஒரே ஒரு மணி அடித்துப் பார்த்தபோது அது ஜலதோஷம் பிடித்த மாதிரி அடித்தது. வந்தவர் தலையைச் சொறிந்தார். "இந்தப் பெட்டிக்கு மணி அடிக்கற தெம்பு கொஞ்சந்தானுங்க. ஆனா மூணு போனுக்கே இப்பிடி மூச்சு வாங்குதே? வேற எங்கியாச்சும் போன் சொருகியிருக்குதுங்களா சார்?"

"இல்லீங்களே" என்றார் என் கணவர்.

சரி, ஒவ்வொரு போனிலும் பேச்சு கேட்கிறதா என்று பார்ப்போம் என்று இவர் வெளி வாசலுக்குப் போய்ச் செல்போனில் வீட்டு நம்பரை அழுத்தினார். என்னைச் சமையலறைப் போனை எடுக்கச் சொல்லியிருந்தார். மணி அடித்தது. ஹாலில், மாடியில், என் கைக்குப் பக்கத்தில். அதற்கெல்லாம் அடியில் இன்னொரு மணியும் அடித்தது. வெண்கலச் சத்தம், மெலிந்திருந்தாலும் அதே கணீர். அந்தச் சத்தத்தைக் கேட்டே நான் இந்த வீட்டில் பாதி வயதைக் கழித்திருக்கிறேன். அது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அண்ணனின் பாகத்துக்குப் போன கறுப்புப் போன். அப்பா ஞாபகமாக, மேலே பூப்போட்ட துணி உறை மாட்டி, பழைய இடத்திலேயே, பழைய சாக்கெட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள்.

நான் எடுத்தேன். அதே நேரத்தில் அந்த மணியும் நின்றது. ஒரே லைனில் இரண்டு போனை எடுத்தால் சத்தம் ஒரு படி இறங்கும், இறங்கியது.

"அலோ, யாருங்க?" என்றார் அக்கா.

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! இளைத்த குரல், ஆனால் அதே குரல். லைனில் என் கணவரும் இருந்தார். அவர் மூச்சு நின்றது கேட்டது. எதிரி வீட்டுப் பெண்பிள்ளையிடம் ஒரு அலோ சொன்னால் கிரீடம் விழுந்துவிடுமே. இணைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளே வந்தார். முகம் புளித்த மோர்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைப் பார்க்க டிக்கெட்டே போடலாம். "பக்கத்துப் போர்ஷன்ல போய் அந்த ஒயரைக் கழட்டிட்டு வாங்க" என்று வந்தவரை அனுப்பினார் இவர். அந்த ஆள் வெளியே போய், அடுத்த கேட்டைத் திறந்து உள்ளே போனார். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மூத்தார் அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசியது சுவர் தாண்டிக் கேட்டது. "எங்க செவுத்துல யாரும் கைய வெக்கக் கூடாதுங்க. வேணும்னா அவிங்க ஒயரை அவிங்க பக்கம் கழட்டிக்கட்டும்ங்க. அங்க சொல்லிருங்க." வந்தவர் திரும்பி வந்து சொன்னார். எங்கள் பக்கம் கழற்றினால் மாடிப் போனும் சமையலறைப் போனும் செத்துவிடும், ஏனென்றால் எல்லாம் அந்தப் பக்கம் சுற்றிவிட்டுத்தான் திரும்பி வருகிறது. இவர் சொன்னார், "அவிங்க போனை அவிங்க புடுங்கிப் போட்டா ஆச்சுங்க. அங்க சொல்லிருங்க." அந்த ஆள் மறுபடி போனார். தம்பி சொல்லி அப்பா போனைப் பிடுங்குவதா என்று அங்கே ஒரு சத்தம். இப்படியே இரண்டு கேட்டுக்கும் நடுவில் அலைந்து, நாலாவது நடையில் அவர் பாக்கைத் துப்பிவிட்டு வண்டியை எடுத்தார். "வாரேனுங்க சார்" என்று சொன்னார். வரவே இல்லை.

ஒரு சொருகியைப் பிடுங்கினால் தீர்கிற விஷயம். இரண்டு பேரில் ஒருவர் குனிந்து கை நீட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். குனிந்தால் தோற்றதாகிவிடும் என்று இரண்டு பேரும் நிமிர்ந்தே இருந்தார்கள். இந்த வீம்பைப் பார்த்து நான் பல வருடங்களாக வயிறு எரிந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அதற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மறுநாள் காலை இவர் வண்டி கிளம்பியது. பக்கத்து வண்டியும் கிளம்பியது. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, என் செல்போனிலிருந்து என் வீட்டு நம்பரையே அழுத்தினேன். எங்கள் வீட்டில் மூன்று மணியும் இருமிக்கொண்டு அடித்தன. நான் எடுக்கவில்லை. காதைச் சுவரில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்து மணி அடித்து, அடித்து, நின்றது.

"அலோ?"

"அக்கா, நானுங்க."

"நேத்து எடுத்து வெச்சது நீதானா அம்மணி? மூச்சு உடறதுலயே தெரிஞ்சுபோச்சு" என்றார்.

நான் அழுதுவிட்டேன். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். சொன்னார். மார்பில் கட்டி. ஒரு பக்கம் எடுத்துவிட்டார்களாம். அரிசி களைந்தேன் என்பது மாதிரி சொன்னார். "ஊட்டுக்கு வந்து சுவத்தைப் பார்த்துட்டே படுத்திருந்தேன் கண்ணு. அந்தப் பக்கம் நீ சட்டி வெக்கற சத்தம் கேக்கும். இப்ப தாளிக்கறா, இப்ப கழுவறான்னு நெனச்சுக்குவேன்." ஒரு மனுஷியின் உடம்பில் பாதி நெஞ்சை அறுத்து எடுத்திருக்கிறார்கள். ஒரு சுவர் தள்ளி இருந்த நான் அந்த நேரம் ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்திருப்பேன். "நமக்கெதுக்கு அது" என்ற மனிதருக்கு அன்று இரவு சோறு போடும்போது கரண்டியால் மண்டையில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

அதிலிருந்து தினமும் பேசினோம். நான்தான் கூப்பிட வேண்டும். கறுப்புப் போனின் சுழற்றுகிற டயல் இந்தப் புதுப் பெட்டிக்குப் புரியாது, எடுக்க மட்டும்தான் முடியும். ஆனைமலையில் மிளகாய் பூசியதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் காது வலித்தது. "என்னையுந்தான் இவரு கூட்டிட்டுப் போனாரு. நீ என்னன்னு வேண்டிக்கிட்டே?" என்றார். கை எரிவது நின்றால் போதும் என்று வேண்டினேன் என்றேன். "நானும் அதையேதான்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போக வர ஆன கதை, மயிர் கொட்டிய கதை, மூத்தார் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் சந்தேகம் கேட்ட கதை எல்லாவற்றையும் நடித்துக் காட்டுகிற மாதிரியே சொன்னார்.

ஒரு நாள் கணபதிப் பக்கம் பவர் ஷட்டவுன். பட்டறை ஓடாது என்று இரண்டு பேரும் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அதை எங்களிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு ஆண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் மறுபடி மருந்து ஏற்ற வேண்டும், அதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போது அவர் குரல் ஒரு படி இறங்கியது. எங்கேயோ இன்னொரு போனை எடுத்திருக்கிறார்கள். பிறகு ஒரு கனைப்பு. என் கணவருடையது. மாடிப் போனில் ஓசியில் யாரையோ கூப்பிட எடுத்திருக்கிறார். எடுத்தவர் வைக்கவில்லை.

நானும் பேச்சை நிறுத்தவில்லை. "பயப்படாதீங்கக்கா, நான் உங்க கூட வாரேன்" என்றேன். "இவிங்க ரெண்டு பேரும் சுவத்தைக் கட்டிப் புடிச்சுட்டு இங்கயே கெடக்கட்டும்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

குரல் இன்னொரு படி இறங்கியது. இன்னொரு கனைப்பு. அச்சு அசலாக அதே கனைப்பு, இரண்டு பேருக்கும் அப்பாவிடமிருந்து வந்தது. அவர்கள் பாகத்துப் பின்னறையில் அந்தக் காலத்திலிருந்தே சொருகிக் கிடந்த பழைய போனை அண்ணனும் எடுத்துவிட்டார். சுவர் எழும்பிய பிறகு நாங்கள் நாலு பேரும் ஓரிடத்தில் கூடியது அதுதான் முதல் தடவை. ஒவ்வொருவர் மூச்சும் கேட்டது.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெலிந்த குரலில், ஆனால் நிதானமாகக் கேட்டார்.

"தம்பி, நீங்க லைன்லதான் இருக்கறீங்க. உங்க அண்ணனும் இருக்கறாரு. அண்ணிக்கு உடம்பு எப்பிடி இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வையுங்களே. அவரும் தம்பி சாப்டியான்னு கேக்கட்டும். நாங்க காதை வேணும்னாலும் மூடிக்கறோம்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை. என் கணவர் கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். இத்தனை வருடம் குடித்தனம் பண்ணியும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் தள்ளி இன்னொரு டக். முதலில் வைத்தது யார் என்று தெரியவில்லை.

"போயிட்டாங்களாட்ட இருக்குது" என்றார் அக்கா.

"ஆமாங்கக்கா."

"இப்பத்தான் நல்லாக் கேக்குது" என்றார். "சொல்லு அம்மணி, ஆஸ்பத்திரிக்கு எத்தன மணிக்கு வாரே?"